மனையறமும் குடும்பமும்

தமிழ்ப் புதினங்களையும் சிறுகதைகளையும் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றில் ஒரு முடிபு ஆய்வு தொடங்குமுன்னரே இடம்பிடித்து அமர்ந்துவிடுகின்றது. பண்டைத் தமிழர் கூட்டுக் குடும்பமாய் வாழ்ந்தனர். ஆலையும் இருப்புப்பாதையும் நகரமும் வந்தன. கூட்டுக் குடும்பம் சிதைந்து தனிக் குடும்பம் தோன்றிற்று. பெண் கூலிக்கும் சம்பளத்திற்கும் வெளியே சென்றாள். மனை தன் பழைய அமைதியை இழந்தது. இதுவே அம்முடிபு. இதனைக் கையிற் கொண்டு எந்தப் புதினத்தையும் அளந்து, ‘குடும்பச் சிதைவைக் காட்டுவது’ என்று பெயர் சூட்டிவிடுதல் எளிது. அவ்வாறு பெயர் சூட்டியபின் அந்நூலில் நோக்குதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. அன்றியும், சிதைவுக்குக் காரணம் யார் என்னும் வினாவுக்கு விடையாகக் கதையிலுள்ள பெண் ஒருத்தியே பெரும்பாலும் சுட்டப்பெறுகின்றாள். திறனாய்வு தீர்ப்பு வழங்கும் இடத்தில் அமரும்போது சான்றைச் சற்று நின்று நோக்குதல் கடனாகும்.

இம்முடிபை இலக்கியச் சான்று கொண்டே யாம் மறுக்கக் கருதுகிறோம். நம் இலக்கியம் காட்டும் மாற்றம் மனையில் வாழ்வோரின் எண்ணிக்கையில் நிகழ்ந்த மாற்றம் அன்று. மனை என்னென்ன கடமைகளை ஆற்றிற்று, அவற்றை யார் யார் ஆற்றினர் என்பதில்தான் மாற்றம் நிகழ்ந்தது.

முதற்கண் சங்கச் செய்யுட்களை நோக்குவோம். அகப்பாட்டு குடிமதிப்புக் கணக்கு அன்று. புலனெறி வழக்கம் என்னும் சல்லடையின் வழியே வாழ்க்கை அதனுள் இறங்குகின்றது என்பதை யாம் மறந்திலோம். எனினும் ஒரு வழக்கம் எதனை இயல்பென எடுத்துக்கொண்டது என்று கேட்பதில் தவறில்லை. கற்பின்கண் வரும் துறைகளுள் ஒன்று, தலைவியின் மணமனைக்குச் சென்று மீண்ட செவிலி, தான் கண்டதை நற்றாய்க்கு உரைப்பது. குறுந்தொகை 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் மனையில் தலைவி தானே தயிரைப் பிசைகின்றாள். தாளிப்பின் புகை அவள் கண்ணில் படிகின்றது. உண்பவன் கணவன் ஒருவனே. மாமியும் நாத்தூணும் ஓரகத்தியும் அவ்வட்டிலில் இல்லை. ஐங்குறுநூற்று முல்லையில் செவிலி கூற்றாக வரும் பத்தின் முதற்பாட்டு, தந்தையும் தாயும் இடையே புதல்வனும் கிடந்த காட்சியைப் பிணையும் கலையும் மறியுமாக வைத்து உவமிக்கின்றது. நற்றிணை 110இல் போதனார் பாடிய தலைவி, கொண்டவன் குடி வறுமையுற்ற நிலையிலும் தந்தை மனையின் கொழுஞ்சோற்றை நினையாது, ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்ணுகின்றாள். மூன்று பாட்டிலும் மனை இருவர் மனை, அன்றேல் மூவர் மனை.

சிலப்பதிகாரம் இன்னும் வெளிப்படையாகவே கூறுகின்றது. மனையறம் படுத்த காதையில் கோவலனின் தாய், மகனும் மருகியும் தமக்குரிய செல்வத்தோடு இல்லறம் நடத்துதலைக் காணவேண்டி, அவர்களை வேறாக ஓர் இல்லத்தில் அமர்த்துகின்றாள். பெருங்குடி வணிகர் மனையில், பூசலின்றி, தாயே விரும்பிச் செய்த தனிக்குடித்தனம் இது. காதையின் பெயரே இச்செயலிலிருந்து பிறந்தது என்க.

இதனால் சங்ககால மனை இன்றைய தனிக் குடும்பம் போன்றது என்று கூறுவோமாயின், எதிர்த்திசையில் அதே பிழையைச் செய்தவராவோம். அம்மனையில் நிற்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோழி இருக்கின்றாள்; செவிலி வந்து போகின்றாள்; பாணனும் விறலியும் வாயிலில் நிற்கின்றனர்; பாங்கன் இடித்துரைக்கின்றான். தொல்காப்பியர் கூற்று நிகழ்த்துவோராக வகுத்தவருள் குருதி உறவினர் மிகச் சிலரே. தந்தையும் தமையன்மாரும் களவியலில் தம் வாயாற் பேசுவதில்லை. அவர் மனக்கருத்தைக் குறிப்பினாலேயே உணர்தல் வேண்டும். பேசும் உரிமை பெற்றவரோ வளர்த்தவள், உடன் வளர்ந்தவள், தூது செல்பவன். உறவின் அளவில் அம்மனை சிறியது. வினையின் அளவில் அது பெரியது.

மகளிர் வினை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஆடவர்க்கு வினை உயிர், மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர் என்னும் கருத்துடைய குறுந்தொகை 135ஆம் பாட்டை, பெண் வெளியே உழைத்திலள் என்பதற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். அப்பாட்டு யார் யாரிடம் கூறியது? பிரிவு அஞ்சிய தலைவியைத் தேற்றும் தோழி, ‘இவ்வாறு நமக்கு உரைத்தவர் அவரே, ஆதலின் செல்லார்’ என்னும் கருத்தில், தலைவன் கூற்றை அவனுக்கே எதிராகத் திருப்புகின்றாள். ஒரு வாதத்தின் உறுப்பாக நின்றதைப் பெயர்த்தெடுத்துச் சட்டமாக்குதல் முறையன்று. பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளை இதனோடு வைத்துப் பார்க்க. அவள் ஊர்தோறும் சென்று மோர் விற்று, கிடைத்த நெல்லால் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையும் ஆவும் கொள்கின்றாள். பொன்னைக் காட்டிலும் ஈனும் பொருள் மேல் என்று கணக்கிடத் தெரிந்தவள் அவள்! புறநானூற்றில் சிறுவிளக்கின் ஒளியில் பஞ்சொடு அமர்ந்திருக்கும் பருத்திப் பெண்டும், நற்றிணை 353இல் நுண்ணிய நூல் நூற்கும் துணையற்ற மகளிரும் தம் கையால் உழைத்து உண்டவரே. நூற்பாலை வந்தபின் பெண் உழைக்கத் தொடங்கினாள் என்பார் இவர்களை எங்கே வைப்பர்?

இனி, மனை ஆற்றிய கடமை யாது? இதனைக் கண்ணகி வாய்மொழியைக் காட்டிலும் தெளிவாகக் கூறும் இடம் பழைய இலக்கியத்தில் அரிது. கொலைக்களக் காதையில், மாதரி தந்த மனையில் கோவலனுக்கு அமுது படைத்தபின் அவள் கூறுவது யாவரும் அறிந்தது. கணவனைப் பிரிந்த காலத்தில் தான் இழந்தவையாக அவள் கூறுவன இன்பமும் பொருளும் அல்ல. அறவோர்க்கும் அந்தணர்க்கும் துறவோர்க்கும் ஆற்றும் கடனும் விருந்தெதிர்கோடலுமே அவள் இழந்தவை. மாமனும் மாமியும் வந்தபோது தன் நோயை மறைத்துப் பொய்ம்முறுவல் காட்டிய செய்தியும் அங்கே வருகின்றது. அவர்கள் அவளைக் காண ‘வந்தனர்’ என்பது கருதத்தக்கது; உடன் வாழ்ந்தவர் வரவேண்டுவதில்லை. கண்ணகிக்கு மனை என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து வகிக்கும் ஒரு பதவி. ஒருவர் நீங்கின் மற்றவர் அப்பதவியை நடத்த இயலாது. அவள் துயரில் பாதி, பதவி பறிக்கப்பட்டவளின் துயரம் என்று யாம் கருதுகிறோம்.

திருவள்ளுவர் 43ஆம் குறளில் இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐந்து இடங்களை எண்ணுகின்றார்: தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான். மனைவியும் மக்களும் தனியே பெயர் பெறவில்லை. ‘தான்’ என்பதனுள் அடங்கினர் போலும். 41ஆம் குறளில், இல்வாழ்வான் துணையாக நிற்கவேண்டிய மூவர் கூறப்படுகின்றனர். அம்மூவர் யாவர்? பரிமேலழகர் அவர்களைப் பிரமசாரி, வானப்பிரத்தன், துறவி என்னும் பிற நிலையினராகக் கொண்டார். மு. வரதராசனார் தம் தெளிவுரையில் மூவர் இன்னார் என்று பெயர் கூறாது விடுத்தார். அவ்வளவில் நின்றது அவர்தம் எச்சரிக்கை. கலைஞர் மு. கருணாநிதியின் உரையோ பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் என்று மூவரை வகுக்கின்றது.

இவ்வுரைகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்துத்தான் எம் பொருள் விளங்கும். குறள் மாறவில்லை, அதனைப் படிப்பவரின் வீடு மாறிவிட்டது. பரிமேலழகரின் இல்லத்திற்கு வாயிற்கதவு முதன்மையானது; அதன் வழியே கற்பவனும் துறந்தவனும் வந்து உண்டு செல்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் இல்லத்தில் வாயில் அடைக்கப்பட்டு, உள்ளே மூவர் அமர்ந்திருக்கின்றனர். வருண நிலைப் பகுப்பை விரும்பாமையால் புதிய உரை எழுந்தது என்று கூறலாம், அது மெய்யே. ஆயினும் பழையதை நீக்கிய இடத்தில் எதனை வைப்பது என்னும்போது பெற்றோரும் மனைவியும் மக்களும் உரையாசிரியர் நெஞ்சில் எளிதாக வந்து நின்றனரே, அவ்வெளிமையே வரலாற்றுச் சான்று. எம்மைக் கேட்பின், பரிமேலழகர் கூறும் மூவரையே ஏற்கவேண்டுவதில்லை என்போம். ஆயினும் அடுத்த குறள் துறந்தார், வறியார், இறந்தார் என்போரையும், அதற்கடுத்தது ஐந்திடத்தையும் கூறுதலின், இடம் நோக்கிப் பொருள் காணுங்கால் மூவர் மனைக்குப் புறத்தாராதலே பொருந்தும்.

இம்மாற்றம் தமிழர்க்கு மட்டும் உரியதும் அன்று. இங்கிலாந்தில் ஆலைத்தொழிலுக்கு முன்னர் பெருங்குடும்பமே வழக்கு என்று நெடுநாள் நம்பப்பட்டது. பீட்டர் லாஸ்லெட் என்னும் வரலாற்றறிஞர் பழைய ஊர்ப் பதிவேடுகளை எண்ணிப் பார்த்து, 1965இல் வெளியிட்ட நூலிலும் 1972இல் பிறரோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்பிலும் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயர் மனையின் சராசரி அளவு 4.75 அளவிலேயே நின்றது. அந்நாட்டு மனையிலும் உறவல்லாத பணியாட்களும் தொழில் பயிலும் இளைஞரும் இருந்தனர். ஆலைக்காலத்தில் அவர்கள் வெளியேறினர். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மனை ஒன்றுக்கு நால்வருக்குச் சற்றுக் குறைவு. எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டிற்கும் பெருந்தொலைவு இல்லை. செவிலியும் தோழியும் எங்கே போயினர் என்பதே வினா.

இவ்வினாவோடு புதுமைப்பித்தனிடம் வருவோம். 1934இல் வெளிவந்த ‘பொன்னகரம்’ கதையின் அம்மாளு ஆலைக்கூலி. கணவன் குதிரைவண்டி ஓட்டுபவன். அவன் அடிபட்டுப் படுத்தபோது மருந்துக்கும் கஞ்சிக்கும் காசில்லை. கதையின் முடிவு பற்றி எழுந்த கற்பு வாதங்களைக் கேட்டுக் கேட்டு எமக்கு அலுப்பே மிகுகின்றது. அம்முடிவுக்கு முந்திய வெற்றிடத்தை நோக்குவோர் சிலரே. அடிபட்ட ஒருவனைக் காக்க அவ்வூரில் சுற்றமோ ஒக்கலோ ஆலையோ ஒன்றும் முன்வருவதில்லை. கூலி அவளுக்கு மட்டும் உரியது. நோயும் அவள் ஒருத்தியின் பொறுப்பு. ஆலை உழைப்பை வாங்கிக்கொண்டது; உழைப்பவரைத் தாங்கும் கடனை மனையின் தலையிலேயே விட்டுவிட்டது.

1943இல் எழுந்த ‘செல்லம்மாள்’ இதனினும் ஆழமானது. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் துணிக்கடை ஒன்றில் சம்பளக்காரர். மனைவி தீராத நோயாளி. அவரே சமைக்கின்றார்; அவரே பணிவிடை செய்கின்றார்; கடைக்கும் செல்கின்றார். இறுதியில் உயிர் நீங்கிய உடலை நீராட்டுபவரும் அவரே. திணைமரபில் செவிலிக்கும் தோழிக்கும், ஊர் வழக்கில் உறவுப் பெண்டிர்க்கும் உரிய வினைகள் அனைத்தும் ஓர் ஆடவனின் இரு கைகளில் வந்து சேர்ந்துவிட்டன. ஆண் பெண் கடமைகள் மாறின என்று நூல்கள் கூறும். அம்மாற்றம் கொள்கையால் வந்ததன்று, வேறு ஆளில்லாமையால் வந்தது என்பதை இக்கதை ஒரு சொல்லும் உரத்துக் கூறாமல் காட்டுகின்றது. இதனைத் தனிக் குடும்பத்தின் அவலம் என்று ஒதுக்குவோர், குறுந்தொகை 167இன் இருவர் மனையில் இல்லாத அவலம் இங்கு எவ்வாறு நுழைந்தது என்பதற்கு விடை கூறுதல் வேண்டும். அங்கே செவிலி கண்டு செல்கின்றாள். இங்கே கண்டு செல்வதற்கு எவருமிலர்.

கூட்டுக் குடும்பம் இருந்த இடத்தில் அது உடைந்ததேன்? ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்கு நாட்டுச் சிற்றூரில் நிகழ்வது. அக்கதைக்குள் ஆலை வந்து எதனையும் உடைக்கவில்லை. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கின்றாள். பிறர் தூண்டுதல் சேர, பூசல் முற்றி அவன் கொலையில் முடிகின்றது. ஆசைக்கும் தீநட்புக்கும் பலியான பெண் என்று அவளைக் கூறிவிடுவது வழக்கம். யாம் சட்டத்தையும் உடன்வைத்துப் படிக்க விரும்புகிறோம். 1937இல் இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் கூட்டுச் சொத்தில் கைம்பெண்ணுக்குக் கணவன் நிலையை ஒருவாறு வழங்கிற்று. 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டம் மாகாணங்களின் வேளாண் நிலத்தைத் தொடாது என்று கருத்துரைத்தது. சென்னை மாகாணம் 1947இல்தான் தனிச் சட்டத்தால் அதனை நிலத்துக்கும் விரித்தது. நாகம்மாள் வெளியான 1942 இவ்விடைவெளியில் விழுகின்றது. நகரத்துக் கைம்பெண் வீட்டிலும் பணத்திலும் கேட்கத்தக்க பங்கை உழவர் குடிக் கைம்பெண் காட்டில் கேட்க இயலாத ஆண்டுகள் அவை. ஆசிரியர் சட்டத்தை மனத்துட் கொண்டு எழுதினார் என்று யாம் கூறவில்லை. பங்கு கேட்கும் நாவைக் குற்றமாகக் காணும் ஊரை அவர் கண்டு எழுதினார், அதுவே போதும். அக்குடும்பத்தை ஒன்றாகப் பிடித்திருந்தது அன்பு மட்டுமன்று, ஒருத்திக்கு உரிமை இல்லாமையும் ஆம்.

மறுபுறம், தொழில் வளர்ந்த இடத்திலெல்லாம் கூட்டுக் குடும்பம் உடைந்துவிடவும் இல்லை. மானிடவியலறிஞர் மில்டன் சிங்கர் சென்னையின் தொழிலதிபர் குடும்பங்களை ஆராய்ந்து 1972ஆம் ஆண்டு நூலில் வெளியிட்டார். அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு நெறியும் இல்லத்துக்கு ஒரு நெறியுமாகப் பிரித்துக்கொண்டு கூட்டுக் குடும்ப உணர்வை விடாது பேணினர் என்பது அவர் கண்டது. ஆலையை நடத்தியோர்க்குக் கூட்டுக் குடும்பம் முதலீடாயிற்று. ஆலையில் உழைத்த அம்மாளுவுக்கு அது வாய்க்கவில்லை. 1930இல் கல்வியால் ஈட்டிய பொருள் ஈட்டியவனுக்கே உரியதென்று தனிச் சட்டம் வந்தமையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சம்பளக்காரன் தன் ஊதியத்தைப் பொதுவினின்று பிரித்துக்கொள்ள அது வழி செய்தது. நிலைத்து நிற்கும் பெருங்குடும்பத்தின் உட்புறத்தைக் காணவேண்டுவோர் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை நாடுக. தலைப்பே அவ்வீட்டின் தரைப்படம்.

செயகாந்தனின் ‘யுகசந்தி’ 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. கதையின் பாதி நிகழ்ச்சி கடலூரில். மற்றப் பாதிக்கு உயிர் நெய்வேலியில். பழுப்பு நிலக்கரிக் கழகம் அங்கே 1956இல் அமைந்தது. புதிய நகரியமும் பள்ளிகளும் தோன்றின. கைம்பெண்ணாகிய கீதா அங்கே ஆசிரியை. அவளோடு தங்கி வந்தவள், தானும் இளமையிலேயே கைம்மை உற்ற பாட்டி கௌரி. கீதா மறுமணம் செய்ய முடிவு செய்ததாகக் கடிதம் வர, தந்தை வெகுள்கின்றார். பாட்டி பெயர்த்தியிடமே திரும்பிச் செல்கின்றாள். பாட்டியின் மனமாற்றம் பற்றி நிறைய எழுதியுள்ளனர். யாம் சுட்ட விரும்புவது மனையின் அமைப்பை. சம்பளம் பெறும் ஒரு பெண்ணும் அவள் பாட்டியும் ஆக இருவர் நடத்திய குடித்தனம் ஒன்று நெய்வேலியில் முன்னரே இருந்தது. பாட்டிக்குத் திரும்பிச் செல்ல ஓரிடம் இருந்தமையால் அவள் முடிவு சொல்லளவில் நிற்காது செயலாயிற்று. தொழில்நகரம் ஒரு குடும்பத்தைச் சிதைத்தது என்பாரும் உளர். முன்னொரு காலத்தில் கௌரி இளங்கைம்பெண்ணாய் நின்றபோது அத்தகைய நகரம் ஒன்று இருந்திருப்பின் அவள் கதை எவ்வாறு சென்றிருக்கும் என்பதை அவர் எண்ணிப் பார்க்க.

மனையின் கடமைகள் ஒவ்வொன்றாகப் புறத்தே சென்றதை இன்று கண்முன் காண்கிறோம். நூற்றலும் நெற்குற்றலும் என்றோ ஆலைக்குச் சென்றன. மகப்பேறு மருத்துவமனைக்குச் சென்றது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. குழந்தைக்கு நண்பகல் உணவிடுதலை 1956இல் காமராசர் ஆட்சிக்காலத்துத் திட்டமும், 1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டமும் பள்ளிக்கு மாற்றின. 2022இல் காலை உணவும் உடன் சேர்ந்தது. பெற்றோரைப் பேணும் கடனை 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழக்காடு மன்றத்தில் கேட்கத்தக்க பொருளாக்கிற்று. உரையாசிரியர் ஒருவர் பெற்றோரை மூவருள் ஒருவராக எண்ணிய அதே காலத்தில் அவரைப் பேணச் சட்டம் வேண்டியதாயிற்று என்பது தற்செயல் அன்று.

2023இல் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கிய திட்டத்துக்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. அகப்பொருள் நூலார் மனைவியைக் கிழத்தி என்றனர். கிழமை என்பதன் பொருள் உரிமை. சொல் இரண்டாயிரம் ஆண்டு சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் நிற்கின்றது. தொகையின் அளவு போதுமா என்பது வேறு வினா. ஊதியமின்றி ஆற்றிய மனைவினையை வினை என்று ஏற்ற அளவில் அது மொழியாராய்ச்சியாளர்க்கும் செய்தியே.

கொங்கு நாட்டுக்கே மீள்வோம். பெருமாள்முருகனின் ‘கங்கணம்’ (2007), முப்பத்தைந்து வயதாகியும் மணப்பெண் கிடைக்காத உழவன் மாரிமுத்துவின் கதை. நிலம் உண்டு, வீடு உண்டு, உழைப்பு உண்டு. பெண்மக்களை வேண்டாது கழித்த ஒரு சமுதாயத்தில், பிறந்த சிலரும் படித்தவனையும் சம்பளக்காரனையும் நோக்கி நிற்கின்றனர். நாகம்மாளுக்கும் இதற்கும் இடையே 65 ஆண்டுகள். அங்கே பெண் பங்கு கேட்டாள், குடும்பம் உடைந்தது. இங்கே பெண் வரவில்லை, குடும்பம் தொடங்கவேயில்லை. இரண்டையும் ‘சிதைவு’ என்னும் ஒரே தலைப்பின் கீழ் அடைக்கும் ஆய்வேடு இவ்வேறுபாட்டை இழந்துவிடுகின்றது.

முதுகலை மாணவர் இத்துறையில் புகுவாராயின், கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்னும் வினாவை விடுத்து, கதைதோறும் சமைப்பவர் யார், நோயாளியின் அருகில் அமர்பவர் யார், பிணத்தை நீராட்டுபவர் யார், கூலியை எண்ணி வாங்குபவர் யார், விருந்தாக வந்தவர் யார் என்று பட்டியலிட்டுப் பார்த்தல் நன்று. மணிக்கொடிக் காலக் கதைகளிலிருந்து தொடங்கலாம். விருந்து என்னும் நிரலில் பெரும்பாலான கதைகளுக்கு நேரே வெற்றிடமே நிற்கும் என்று யாம் எதிர்பார்க்கிறோம்.